நிறுத்தி வைத்த மரியாதை

சென்ற மாதம் ஒரு கனவான் கோயமுத்தூரிலிருந்து என்னைத் தேடிக்கொண்டு வில்லாபுரத்துக்கு வந்தார். என் நாவல் ஏதாவது ஒன்றைப் படித்துவிட்டு வந்திருப்பார் என்று எண்ணி, நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு, இரண்டு காப்பிக்குச் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேப்ப மரத்தடியில் நின்ற என் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

கார் 1971-ஆம் வருஷத்து அம்பாசிடர். மார்க் டூ. என் தகப்பனார் வாங்கியது. காய்கறி மார்க்கெட்டுக்கும் ரயிலடிக்கும் பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கும் இன்றைக்கும் அதில்தான் போய்வருகிறேன். வேறு கார் என்னிடம் இல்லை.

வந்தவர் பழைய கார்களைச் சேகரிக்கிறவர். ஒரு விலை சொன்னார். அது காதில் விழுந்ததோ என்னவோ, அவருக்கு வந்த காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. நான் விற்பதற்கில்லை என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியானால் விண்டேஜ் என்றாவது பதிவு செய்துவிடுங்கள். ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது. கௌரவமான எண் பலகை கிடைக்கும்" என்று புத்திமதி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று இரவே அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2021-ல் மத்திய அரசு வகுத்த விதிகள். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட சொந்த உபயோகக் கார், பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் உருவத்தில் இருந்தால், 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். எண் பலகையில் 'வி.ஏ.' என்று இரண்டு எழுத்துகள் சேரும். (இங்கிலாந்தில் கண்டிப்பான பேர்வழிகள் 1919 முதல் 1930 வரை செய்த கார்களைத்தான் விண்டேஜ் என்பார்கள்; நம் சர்க்கார் தாராளமானது.) அப்படிப் பதிவு செய்த காரைக் கண்காட்சிக்கு எடுத்துப் போகலாம், பழைய கார்களின் ஊர்வலத்தில் ஓட்டலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் கொண்டுபோகலாம். அன்றாட உபயோகத்துக்கு மட்டும் சாலையில் ஓட்டக் கூடாது.

மரியாதை உண்டு, வேலை கிடையாது. படித்துக்கொண்டிருந்த எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா டாக்டர். வில்லாபுரத்தைச் சுற்றி வயல்கள் இருந்த காலத்தில் அவனியாபுரம், பெருங்குடி, வலையங்குளம் என்று அருப்புக்கோட்டை ரோட்டிலே இருபுறமும் உள்ள கிராமங்களுக்கெல்லாம் இந்தக் காரில்தான் வைத்தியத்துக்குப் போவார். பின் இருக்கையில் பிரசவம் ஆனதும் உண்டு. 1998-ல் அவருக்கு 74 வயது. கை சற்று நடுங்குகிறது என்று எனக்கும் என் தம்பிக்கும் தோன்றியது. "எதுக்குப்பா இனிமே அலையறீங்க? நாங்க இருக்கோம், பேசாம உட்காருங்க" என்றோம். கிளினிக்கை மூடினோம். தேக்கில் சாய்வு நாற்காலி ஒன்று செய்து போட்டோம். ஊரார் எங்களைப் பாராட்டினார்கள்.

அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். "அந்த அம்மாவுக்கு இடது முழங்கால் போச்சு. சொல்லிவிடட்டுமா?" என்பார். "உங்களுக்கு எதுக்குப்பா?" என்போம். கத்தரிக்காய் வாங்கிவர ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டோம். அடுத்த வருஷம் காலமானார். ஓய்வினால்தான் செத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டர் மகன் அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. ஆனால் "உங்களுக்கு எதுக்குப்பா" என்று அந்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க எனக்கு இன்றும் தைரியம் இல்லை.

காரும் அவரோடு கூடவே ஓய்வு பெற்றது. கொட்டகையில் படுதா போட்டு மூடியிருந்தோம். 2000-ல் அதை விற்றுவிடலாம் என்று திறந்தேன். ஒரு கீறல் இல்லை; பார்வைக்குப் புதிது போல் இருந்தது. சாவியைத் திருகினால் சத்தமே இல்லை. ஜெய்ஹிந்துபுரத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துவந்தேன். அவரை நான் 'பாய்' என்றுதான் கூப்பிடுவது. இங்கும் அதுவே போதும். பாய் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கார்புரேட்டரில் இருந்த பெட்ரோல் பிசினாகிவிட்டது. பிரேக் ரப்பர்கள் வெடித்துவிட்டன. வயரையெல்லாம் எலி தின்றுவிட்டது. டாங்குக்குள்ளே துரு.

"ஓடித் தேஞ்ச வண்டியைச் சரி பண்ணிரலாம் சார். நின்னு கெட்ட வண்டிக்குத்தான் எங்கே தொடங்குறதுன்னு தெரியாது" என்றார்.

அன்றைக்கு ஒரு வைராக்கியம் பிறந்தது. மூன்று மாதம் செலவழித்துக் காரை எழுப்பினேன். இருபத்தாறு வருஷமாக ஓட்டுகிறேன்.

ஓட்டுவதென்றால் சாவியைத் திருகிவிட்டுப் போவதல்ல. காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்க வேண்டும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை டிஸ்டிரிபியூட்டரைத் திறந்து பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து இடைவெளி வைக்க வேண்டும். முன் சக்கர மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் விமான நிலையத்துக்குப் போனால், பெட்ரோல் பம்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும், வண்டி நின்றுவிடும். அதற்கென்று ஒரு துண்டும் ஒரு பாட்டில் தண்ணீரும் வைத்திருக்கிறேன். துண்டை நனைத்துப் பம்பின் மேல் போட்டுவிட்டு, டீக்கடையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தால் கோபம் தணிந்துவிடும். காருக்கும் சரி, எனக்கும் சரி. தெற்குவாசலிலிருந்து அவனியாபுரம் வரையில் என்னைத் தள்ளிவிடாத கை குறைவு. புதுக் கார் வைத்திருக்கும் என் அண்டை வீட்டுக்காரருக்கு அந்த ரோட்டில் ஒருவரையும் தெரியாது.

காலம் மாற மாறக் காரையும் மாற்ற வேண்டியிருந்தது. நான் அதை எழுப்பிய 2000-ஆம் வருஷம்தான் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றுபோயிற்று. அந்த ஈயம் பழைய வால்வு சீட்டுகளுக்கு ஒரு மெத்தை மாதிரி. அது போனதும் கடினமான சீட்டுகளைப் பொருத்த வேண்டி வந்தது. இப்போது பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எதனால். கரும்பும் மக்காச்சோளமும் காருக்குப் போவது பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அது வேறு கட்டுரை. எதனால் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும் என்பதால் அத்தனையையும் மாற்றினோம்.

இப்படி மாற்றி மாற்றி, அப்பா ஓட்டிய காரில் இன்று என்ன மிச்சம்? கிரேக்கர்கள் கேட்ட கேள்விதான் இது. தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் நகரத்தார் பாதுகாத்தார்கள். மக்கின பலகையை எடுத்துவிட்டுப் புதிய பலகையை வைத்தார்கள். எல்லாப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பல்தானா என்று தத்துவவாதிகள் சண்டையிட்டதாகப் புளுட்டார்க் எழுதுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் இன்னும் ஒரு சிக்கலைப் போட்டார். கழித்த பலகைகளை ஒருவன் பொறுக்கிவைத்து இன்னொரு கப்பல் கட்டிவிட்டால், இரண்டில் எது உண்மையான கப்பல்?

பாயின் பட்டறை மூலையில் ஒரு சாக்கு இருக்கிறது. என் காரிலிருந்து கழற்றிய சாமான்களை, 'எதுக்காவது ஆகும்' என்று அதில் போட்டு வைத்திருக்கிறார். நான் ஹாப்ஸின் கேள்வியை அவரிடம் கேட்டேன்: "இதையெல்லாம் சேர்த்து இன்னொரு கார் பண்ணினா, எது பாய் எங்க அப்பா கார்?"

அவர் யோசிக்கவே இல்லை. "எது நடுரோட்டுல நின்னா எனக்குப் போன் பண்ணுவீங்களோ, அதான் சார்."

தேரைப் பற்றி நாம் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. திருவாரூர் ஆழித்தேர் உள்பட எத்தனையோ கோயில் தேர்களுக்கு இன்று திருச்சி பெல் தொழிற்சாலையில் செய்த இரும்புச் சக்கரங்கள். அசல் போய்விட்டது என்று யாரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டுப் போகவில்லை. சுவாமி வீதிக்கு வர வேண்டும். அதற்குச் சக்கரம் உருள வேண்டும்.

இதுவரை படித்தவர்கள் நான் என்னை மெச்சிக்கொள்கிறேன் என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன், மூன்று வருஷத்துக்கு முன்பு வரையில்.

ஒரு மாலை, தெற்குவாசல் மேம்பாலத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பிரேக்கை அழுத்தினேன். பெடல் தரை வரைக்கும் போயிற்று. பழைய கார்களுக்கு ஒற்றை மாஸ்டர் சிலிண்டர். ஒரு சக்கரத்தில் எண்ணெய் கசிந்தாலும் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். முன்னால் ஒரு பையன் சைக்கிளில் இரண்டு பக்கமும் தண்ணீர்க் குடத்தைக் கட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். கியரைக் குறைத்தேன், கை பிரேக்கை இழுத்தேன், ஹாரனை அடித்தேன். கார் அவனுடைய பின்சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. பையன் திரும்பிப் பார்த்துவிட்டுத் திட்டினான். அந்த வசவு எனக்கு ஆசீர்வாதமாக இருந்தது.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாவது நாள் மனைவியிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "மாமாவுக்குச் செய்யாததை நீங்க இந்தக் காருக்குச் செய்றீங்க. அது எனக்குப் புரியுது. அந்தப் பையனோட அம்மாவுக்குப் புரியுமா?"

என்னிடம் பதில் இல்லை. என் குற்ற உணர்ச்சிக்குப் பரிகாரம் தேட எனக்கு உரிமை உண்டு. அதற்கான செலவை ரோட்டில் போகிற இன்னொருவன் தலையில் வைக்க என்ன உரிமை?

யாழ்ப்பாணத்து சிநேகிதர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1990-களின் போர்க்காலத்தில் குடாநாட்டுக்குப் பெட்ரோல் வருவது தடைபட்டபோது, ஆஸ்டின் ஏ-40, மாரிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கார்புரேட்டரில் சில சொட்டுப் பெட்ரோலை விட்டு எழுப்பி, இஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகை கண்ணைக் கரிக்கும். இரண்டாவது உலக யுத்தத்தின்போது நம் மதுரைப் பக்கத்து டி.வி.எஸ். பஸ்களும் கரிவாயுவில் ஓடியிருக்கின்றன. அவர்கள் புகையை யாரும் குறை சொல்ல முடியாது; அது பிழைப்பு. என் புகை? ஆறு மாதத்துக்கொரு முறை புகைச் சோதனையில் தேறிவிடுகிறேன். ஆனால் பழைய வண்டிக்குப் பழைய அளவுகோல் வைத்துத்தான் தேற்றுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். புதுக் கார் ஒன்றைச் செய்யவும் இரும்பு உருக்க வேண்டும், அங்கேயும் புகை உண்டு என்று வாதாடலாம், வாதாடியிருக்கிறேன். ஸ்கூட்டரில் குழந்தையை வைத்துக்கொண்டு சிக்னலில் எனக்குப் பின்னால் நிற்கிறவளிடம் அந்த வாதத்தைச் சொல்ல எனக்கு நாக்கு வராது.

காரை விடவில்லை, ஆனால் சில காரியங்கள் செய்தேன். இரட்டை மாஸ்டர் சிலிண்டர் போட்டேன். சீட் பெல்ட் போட்டேன். பாயின் அக்கா மகன் எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தினான். புகை குறைந்தது, பாயிண்ட் தேய்க்கும் வேலையும் போயிற்று. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம். நடந்து போகக்கூடிய தூரத்துக்கு நடந்து போகிறேன்.

கோயமுத்தூர்க் கனவான் முகம் சுளித்தது இதையெல்லாம் பார்த்துத்தான். "அசலைக் கெடுத்துவிட்டீர்களே! பழைய பிரேக்கையே மறுபடி போட்டுவிடுங்கள்" என்றார். அவரைப் பார்த்துச் சிரிக்க மாட்டேன். ஜி.டி. நாயுடு குடும்பத்தார் அவர் ஊரில் 2015-ல் திறந்த கார் மியூசியத்தை நானும் பார்த்து மகிழ்ந்தவன். அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. நாளைக்கு ஒரு குழந்தைக்குக் காட்ட ஒன்றாவது அசலாக இருக்க வேண்டும். அது என் காராக இருக்க வேண்டாம் என்பதுதான் என் கட்சி. ஓடாத காருக்கு எந்தப் பிரேக் இருந்தால் என்ன?

பதிவைப் புதுப்பிக்க இந்த வருஷம் கெடு. இருபது வருஷம் தாண்டிய காருக்குக் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து மகன் போன் செய்தான். அம்மா சொல்லியிருக்க வேண்டும்.

"எதுக்குப்பா இனிமே அதை வச்சு அலையறீங்க? எங்கே போகணும்னாலும் சொல்லுங்க, நான் இங்கேயிருந்தே டாக்ஸி அனுப்பறேன். பேசாம உட்காருங்க."

எனக்கு 72 வயதாகிறது. என் குரலையே போனில் கேட்பது போல் இருந்தது. அவனைக் கோபிக்க எனக்கு வாய் இல்லை. அவன் சொன்னதில் பொய்யும் இல்லை. மேம்பாலத்துப் பையனை அவன் பார்க்கவில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

அரை மணி நேரம் பேரம் பேசினோம். இருட்டிய பிறகு வண்டியை எடுப்பதில்லை. நாற்சாலையில் ஏறுவதில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை கண் பரிசோதனை. டாக்டர் வேண்டாம் என்று சொல்கிற அன்றைக்குச் சாவியை மருமகளிடம் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவையும் நான் ஒப்புக்கொண்டேன். பேத்தியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவதைப் பற்றி மட்டும் இன்னும் முடிவாகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், நீங்கள் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான்.

நியாயம்தான். சனிக்கிழமை காலையில் பாயிடம் விட்டுப் பிரேக்கை ஒரு தடவை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இடது பக்கம் லேசாக இழுக்கிறது.