வண்டி ஓட்டியது யார்?

சென்ற ஆண்டு ஷஃபான் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பின்பும் ஒருவர் மட்டும் பள்ளிவாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிப்பட்டுக்காரர். தறிக்காரர்களுக்கு நூல் கொண்டுபோய்ப் போடுவதும், நெய்த துணியை ஏற்றி வருவதும் அவர் தொழில். அதற்கென்று சொந்தமாக ஒரு சிறு லோடு வண்டி வைத்திருக்கிறார். ‘குட்டி யானை’ என்று சொல்வார்களே, அந்த வண்டி. நம்மைக் கண்டதும் எழுந்து ஸலாம் சொன்னார். விஷயம் என்னவென்று கேட்டோம். அழுதுவிட்டார்.

நான்கு நாட்களுக்கு முன் அவருக்குக் காய்ச்சல். சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கெடுவோ அன்றுதான். அவருடைய அக்காள் மகன், பத்தொன்பது வயதுப் பையன், “மாமா, நான் போட்டுவிட்டு வருகிறேன்” என்று சாவியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். ஓட்டத் தெரியும், லைசென்ஸ் கிடையாது. திருத்தணிச் சாலையில் மஃரிபு நேரத்தில், சைக்கிளில் வந்த ஒரு தறித் தொழிலாளி மீது வண்டி மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் இறந்துபோனார். அவருக்கு மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். பையன் பயந்துபோய் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்துவிட்டான்.

“ஹஜ்ரத், வண்டி ஓட்டியவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் ஓட்டினேன் என்று என் லைசென்ஸைக் கொடுத்துவிடும்படி எல்லாரும் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்குமாம். இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு ஒரு காசும் கிடைக்காதாம். அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு பொய் சொன்னால் அது நன்மையில் சேராதா?”

நாம் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் வரும்படி சொல்லி அனுப்பினோம். மார்க்கச் சட்டம் நமக்குத் தெரிந்த அளவுக்கு நாட்டுச் சட்டம் தெரியாது. திருவள்ளூரில் வழக்காடும் நண்பர் ஒருவரிடம் அன்றிரவு நெடுநேரம் பேசினோம். அதில் தெரிந்துகொண்டதையும், நாம் யோசித்ததையும் வாசகர்கள் முன் வைக்கிறோம். வண்டி இல்லாத வீடு இன்று எது?

இன்ஷூரன்ஸ் என்றதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, அது ஆகுமா ஆகாதா என்பது. நியாயமான கேள்விதான். 1836ல் மறைந்த ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் அவர்கள், தம் காலத்தில் கப்பல் சரக்குகளுக்கு நடந்த இன்ஷூரன்ஸைப் பற்றி எழுதி, அது கூடாது என்றார்கள். சென்ற நூற்றாண்டில் சிரியாவின் முஸ்தஃபா ஸர்கா அவர்கள் கூடும் என்று வாதிட்டார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, பிரீமியம் வாங்கி நடத்தும் வியாபார இன்ஷூரன்ஸில் ‘கரர்’ எனப்படும் நிச்சயமின்மை மிகுந்திருப்பதால் அது ஹராம் என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு முறையே அதற்கு மாற்று என்றும் தீர்மானித்தது. அம்முறையில் சூடானில் 1979லேயே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. மலேசியா 1984ல் தனிச் சட்டமே இயற்றியது. நம் நாட்டில் வண்டிக்கு அப்படியோர் ஏற்பாடு கிடைப்பதில்லை. அதே சமயம், வண்டியைத் தெருவில் இறக்கினால் இன்ஷூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்பது இங்கே 1946 ஜூலை முதல் இருந்துவரும் சட்டம். இப்போது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. சட்டம் கட்டாயப்படுத்தும் அளவுக்கு இதில் நிர்பந்தம் உண்டு என்பதே உலமாக்களில் பலருடைய கருத்து.

சட்டம் கட்டாயப்படுத்துவது எதை என்பதைப் பாருங்கள். நம் வண்டி நசுங்கினால் அதைச் சரிசெய்துகொள்வதற்கான இன்ஷூரன்ஸை அல்ல. அது அவரவர் விருப்பம். ‘தர்டு பார்ட்டி’ என்ற மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸைத்தான் கட்டாயப்படுத்துகிறது. முதல் நபர் வண்டிக்காரர். இரண்டாம் நபர் கம்பெனி. மூன்றாம் நபர், நம் வண்டியில் அடிபடக்கூடிய யாரோ ஒருவர். அவர் பெயர் நமக்குத் தெரியாது, முகம் தெரியாது. இன்று காலை வீட்டிலிருந்து புறப்பட்ட அவர் நம் கையால் மாண்டால், அவர் பிள்ளைகளுக்காக நாம் முன்கூட்டியே எடுத்து வைக்கும் பணம் அது. அதைக் கட்டாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதச் சிறையோ இரண்டுமோ உண்டு. அபராதத்துக்குப் பயந்து கட்டுகிறவர்களே அதிகம்.

சூரத்துன் னிஸாவின் 92ஆம் வசனம், தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் மீது இரண்டு பொறுப்புகளை வைக்கிறது. ஒன்று, இறந்தவரின் குடும்பத்துக்கு ‘தியத்’ என்ற ஈட்டுத்தொகை. அவர்களாக மன்னித்து விட்டுக்கொடுத்தாலன்றி அது நீங்காது. மற்றொன்று அல்லாஹ்வுக்குச் செய்யும் கஃப்பாரா. அடிமையை விடுதலை செய்ய வேண்டும், அதற்கு வழியில்லாதவர் இடைவிடாமல் இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். இறந்தவர் நம்மோடு உடன்பாட்டில் வாழும் வேறு சமூகத்தவரானாலும் இவ்விரண்டும் உண்டு என்பதை அதே வசனம் கூறுகிறது. “அவர் வேறு மதத்துக்காரர்தானே” என்று அந்தச் சகோதரரிடம் யாரோ ஒருவர் சொன்னாராம். சொன்னவர் அந்த வசனத்தைக் கடைசிவரை ஓதிப் பார்க்கட்டும்.

தியத்தைக் கொடுப்பது யார்? பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் ஹுதைல் கூட்டத்தைச் சேர்ந்த இரு பெண்கள் சண்டையிட்டு, ஒருத்தி எறிந்த கல்லில் மற்றவள் இறந்துபோனாள். கல்லெறிந்தவளின் ‘ஆகிலா’, அதாவது அவளுடைய ஆண் உறவினர்கள், அதைச் சுமக்க வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை புகாரியிலும் முஸ்லிமிலும் காணலாம். ஒரே நாளில் கொடுப்பதற்கில்லாத பெருந்தொகை என்பதால் மூன்று ஆண்டுகளில் கொடுத்துத் தீர்க்கலாம் என்று சட்ட அறிஞர்கள் வகுத்தார்கள். பின்னர் உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில், ‘தீவான்’ என்ற அரசுப் பதிவேட்டில் ஒன்றாகப் பெயர் எழுதப்பட்டவர்களே ஒருவருக்கொருவர் ஆகிலா ஆனார்கள். ஹனஃபி மத்ஹபு இதையே எடுத்துக்கொண்டது. ரத்த உறவு இல்லாதவர்களும் ஒரு பதிவேட்டில் சேர்ந்து, தங்களில் ஒருவர் செய்த பிழையின் சுமையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பது இதிலிருந்து தெரிகிறது. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸும் ஆகிலாவும் ஒன்றே என்று நாம் சொல்ல வரவில்லை. வட்டியும் வியாபாரமும் கலந்தது இது. ஆனாலும் இறந்தவரின் குடும்பத்தை நடுத்தெருவில் விடலாகாது என்ற நோக்கம் இரண்டிலும் இருக்கிறது.

இனி அந்தப் பொய்க்கு வருவோம். அந்தப் பெண்ணுக்காகச் சொல்லும் பொய் என்றார்களே, உண்மையில் அது யாருக்காக?

வக்கீல் நண்பர் சொன்னதைக் கேட்டு நாமே வியந்துபோனோம். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்பதற்காக, அடிபட்டவர் குடும்பத்தைக் கம்பெனி எளிதில் கைவிட்டுவிட முடியாது. 2004 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு இதைப் பற்றி விரிவான தீர்ப்பு அளித்தது. அந்த வழியைப் பின்பற்றி, ‘முதலில் நீ கொடுத்துவிடு; பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்’ என்றுதான் விபத்து இழப்பீட்டு மன்றங்கள் பல வழக்குகளில் கம்பெனிக்கு உத்தரவிட்டு வருகின்றன. அப்படியானால் உண்மையைச் சொன்னாலும் அந்தக் குடும்பத்துக்குப் பணம் கிடைக்க வழியிருக்கிறது. கம்பெனி திரும்பி வந்து கைநீட்டுவது வண்டிக்காரரிடம். லைசென்ஸ் இல்லாத பையனிடம் சாவியைக் கொடுத்த குற்றத்துக்காக அவர் கைப்பணம் போகும். பொய் சொன்னால் அது போகாது. அப்பொய் காப்பாற்றுவது இறந்தவரின் பிள்ளைகளையல்ல. சாவியைக் கொடுத்தவருடைய பணப்பெட்டியை. இதை நன்மைக் கணக்கில் எழுதிக்கொள்ள நினைப்பதை என்னவென்று சொல்வது?

எல்லா வழக்கும் இத்தனை தெளிவாக இருப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்கும் கந்தூரிக்கும் லோடு வண்டியில் ஆட்களை ஏற்றிச் செல்கிறோம். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வருகிறவர்களுக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 இறுதியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ உடன் வந்தால் மட்டும், 1994 திருத்தத்தின்படி, அவருக்கு இழப்பீடு உண்டு. ஆகவே வண்டி கவிழ்ந்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த பாத்திமா பீவியும் பக்கத்து வீட்டுப் பாட்டியும் திடீரென்று தேங்காய் மூட்டைக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். இங்கே பொய்யால் அடிபட்டவருக்கே லாபம் என்பது உண்மைதான். மனம் இளகத்தான் செய்கிறது. ஆனால் அவர்களை ஏற்றியவர் யார்? ஒரு வேன் வாடகையை மிச்சப்படுத்திய அவரே கடனாளி. கொடுக்க வேண்டிய அவர் தம் கடனை, பொய்ச் சாட்சியின் மூலம் வேறொருவர் தலையில் தள்ளிவிடுகிறார்.

“கம்பெனிப் பணம்தானே?” என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனிக்குப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. மூன்றாம் நபர் பிரீமியத்தை நிர்ணயிப்பது மத்திய அரசு. கொடுத்த இழப்பீடுகளின் கணக்கைப் பார்த்துத்தான் அது ஏறுகிறது. ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவரும் அதைக் கட்டுகிறார். உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகள் பெருகி, 2015ல் அலகாபாத் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் அவற்றை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே அமைக்க வேண்டியதாயிற்று. இத்தகைய போலிகளால் உண்மையாக அடிபட்டவரையும் சந்தேகத்தோடு பார்க்கும்படி ஆகிவிடுகிறது.

சின்னப் பொய்களும் உண்டு. கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலம் மூழ்கும்போது வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால், முழு இன்ஷூரன்ஸ் எடுத்தவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஈடு உண்டு. ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து பார்த்துக் கெடுத்துக்கொண்டால் சாதாரண பாலிசியில் அதற்கு ஈடில்லை. சர்வேயர் வந்து, “சாவியைத் திருப்பினீர்களா?” என்று கேட்பார். அப்போது நம் நாக்கு எப்படிப் புரள்கிறது? அடியில் நனைந்த தானியத்தை மேலே காய்ந்ததால் மூடி விற்ற வியாபாரியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் பயானில் கேட்டுத் தலையாட்டுகிறோம். சர்வேயர் முன்னால் அது நினைவுக்கு வருவதில்லை.

பொய் சொல்லி வாங்குவது ஒருபுறமிருக்க, உரிமையாக வர வேண்டியதை அறியாமையால் விட்டுவிடுவதும் நம் வீடுகளில் நடக்கிறது. லைசென்ஸ் உள்ள உரிமையாளரே ஓட்டிச்சென்று விபத்தில் இறந்தால் 15 லட்சம் ரூபாய் கிடைக்கும் தனிநபர் விபத்துக் காப்பைப் பெரும்பாலும் பாலிசியோடு சேர்த்தே வாங்கியிருப்பார்கள். அந்தத் தாள் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று மனைவிக்குத் தெரியாது. வீட்டில் சொல்லி வையுங்கள். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் போலீஸார் இழப்பீட்டு மன்றத்துக்கு முதல் அறிக்கை அனுப்ப வேண்டுமென்று 2022 முதல் விதி இருக்கிறது. மனுவை ஆறு மாதத்துக்குள் போடச் சொல்கிறது சட்டம். இத்தா முடியட்டும் என்று பெண்ணின் வீட்டார் காத்திருந்து காலத்தைக் கடத்த வேண்டாம். அவள் சார்பில் வக்கீலிடம் அலைய ஆண்கள் இருக்கிறார்களே.

நம் மாவட்டத்தின் மறு கோடியில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. கல்கத்தா சாலையில் இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள். சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை செய்யப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் அந்தச் சாலையைக் கடக்கிறார்கள். அடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50,000 என்று 2022 ஏப்ரல் முதல் அரசு உதவித்தொகை உண்டு. தாலுகா அளவில் விசாரித்து, கலெக்டர் உத்தரவிடுவார். மொழி தெரியாத தகப்பனுக்கு இதை யார் சொல்வது? அந்தப் பக்கத்து ஜமாஅத்துகள் ஒரு மனுவை எழுதிக் கொடுத்தால்கூடப் போதும்.

மறுநாள் அந்தச் சகோதரர் வந்தார். சொன்னோம். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கம்பெனி என்னிடம் வசூலிக்க வந்தால் வண்டியை விற்றாலும் காணாதே, ஹஜ்ரத்” என்றார். காணாதுதான். ஆகிலாவைப் பற்றி அப்போது அவருக்கு எடுத்துச் சொன்னோம்.

திங்கட்கிழமை மாமனும் மருமகனும் வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தார்கள். அந்த வாரமே பையனின் பெரியத்தா, சின்னத்தா, தாய்மாமன்கள் எல்லாரும் ஒரு வீட்டில் கூடினார்கள். மாதம் யார் எவ்வளவு ஒதுக்குவது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் மூன்று வருஷத்துக்கு எழுதினார்கள். ஒரு பெரியத்தா மட்டும், “ஓட்டினவன் கொடுக்கட்டும்” என்று எழுந்து போய்விட்டார். வழக்கு இன்னும் திருவள்ளூரில் நடந்துகொண்டிருக்கிறது.

ரமலானின் கடைசிப் பத்தில் ஓர் இரவு, தராவீஹுக்குப் பின் அந்தப் பையன் நம்மிடம் வந்தான். பணத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை. நோன்பைப் பற்றிக் கேட்டான். அதை வேறு யாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. பெருநாளுக்கு மறுநாள், ஷவ்வால் பிறை இரண்டில் தொடங்கினால் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் அறுபதும் முடிந்துவிடும் என்று விரல்விட்டு எண்ணிச் சொன்னோம்.

“நடுவில் ஒரு நாள் விட்டுவிட்டால்?”

“காரணமில்லாமல் விட்டால் மறுபடி முதலிலிருந்து.”

“சரி, ஹஜ்ரத்” என்றான்.