சுவரொட்டியை விடு, சோதனைக்கு நட!

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கும் தம்பி, கொஞ்சம் நில்! ரயில் பெட்டிக்குள் ஒட்டியிருந்த அந்த மஞ்சள் சீட்டை ஓரக்கண்ணால் படித்தாயே. ஆண்மைக் குறைவா, குழந்தை இல்லையா, உடனே போன் செய்யுங்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நம்பரை மனசுக்குள் ஏற்றிக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று தலையைக் குனிந்துகொண்டாய். எதற்குக் குனிகிறாய்? என்ன குற்றம் செய்துவிட்டாய்? நிமிர்ந்து நில்! உன் பயத்தைக் காசாக்குகிறவன் குனியட்டும்.

‘விசேஷம் ஏதாவது உண்டா?’ என்று ஊரார் கேட்கக் கேட்க, மனைவியை மயிலாப்பூர், தி.நகர் என்று டாக்டர் டாக்டராகக் கூட்டிக்கொண்டு அலைகிறாய். ஒரு தடவையாவது உன்னைச் சோதித்துக்கொண்டாயா? குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார் என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. நீ தனி ஆள் இல்லை.

சத்துக் குறைந்தால் உடம்பு என்ன செய்கிறது என்பதற்கு, நம் குன்னூரில் நடந்ததைக் கேள். 1918-ல் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோயை ஆராய ஆரம்பித்தார். புறாக்களுக்குத் தீட்டிய அரிசியையே தீனியாகப் போட்டார். தவிடு போனதோடு பி வைட்டமினும் போய்விட்ட அரிசி. புறாக்கள் மெலிந்தன, கழுத்து பின்பக்கம் வளைந்து சுருண்டு விழுந்தன. அவ்வளவு தூரம் உலகத்துக்கு முன்பே தெரியும். மெக்கரிசன் அதோடு விடவில்லை. உறுப்பு உறுப்பாக எடுத்து எடை போட்டார். எல்லாவற்றையும்விடச் சுருங்கியிருந்தது தைமஸ் சுரப்பி. அதற்கு அடுத்தது விரை. மூளைதான் கடைசி. காசு முடைப்பட்ட வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கு முதலில் அடகுக் கடைக்குப் போகும், அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். உடம்பும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறது. உயிரைக் காப்பாற்ற, வம்சத்துக்கான வேலையை முன்கூட்டியே நிறுத்தி வைக்கிறது. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வெறும் வைக்கோலைத் தின்று கோடையைக் கழிக்கும் காளைக்கும் இதே கதிதான். பச்சைத் தீவனம் இல்லையென்றால் கரோட்டின் இல்லை. கரோட்டின் இல்லையென்றால் வைட்டமின் ஏ இல்லை. நாள்பட்டால் விந்தணு குறைகிறது, இருப்பதும் கோணல்மாணலாகிறது. விவரம் தெரிந்த விவசாயி காளையை ஏசுவாரா? பசும்புல்லை அறுத்து வந்து போடுவார்.

இப்போது சொல்லப்போவதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள். வைட்டமின் ஏ இல்லாமல் வளர்ந்த ஆண் எலியின் விரையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சுருள் சுருளான குழாய்கள் வெறிச்சோடிக் கிடக்கும். விந்தணுக்கள் அடுக்கடுக்காக நிற்க வேண்டிய இடம் காலி. பார்க்கிறவர் கதை முடிந்தது என்பார். முடியவில்லை, தம்பி! குழாயின் சுவரை ஒட்டி மூலச் செல்கள் சில உட்கார்ந்திருக்கின்றன. அவற்றைத் தாங்கி வளர்க்கும் செர்டோலி செல்களும் கூடவே இருக்கின்றன. வைட்டமின் ஏ கொடுத்துப் பார். அத்தனை மூலச் செல்களும் ஒரே தாளத்தில் பெருகக் கிளம்புகின்றன. வாரங்கள் போகப் போகக் குழாய் மறுபடி நிறைகிறது.

அடையாறு ஜிம்மில் நெஞ்சை விரித்துக்கொண்டு, எனக்கென்ன குறை என்கிறாயா? 1964-ல் இங்கிலாந்தில் வைட்டமின் ஏ-க்குப் பதிலாக அதன் அமில வடிவத்தை மட்டும் கொடுத்து எலிகளை வளர்த்தார்கள். அவை நன்றாகவே வளர்ந்தன. ஆனால் கண் பார்வை போயிற்று. ஆண் எலிகளின் விரை வற்றியது. வெளித்தோற்றத்தை வைத்து எதையும் முடிவு கட்டாதே.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் தள்ளாதே! 1922-ல் கலிஃபோர்னியாவில் இவான்ஸும் பிஷப்பும் கண்டுபிடித்த வைட்டமின் ஈ வேறு கதை சொல்கிறது. அது நெடுநாள் கிடைக்காத ஆண் எலியின் விரை ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், பிறகு எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் பழைய நிலைக்கு வருவதில்லை.

எலிக்கு நடப்பது அச்சு அசலாக உனக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. மனிதனுக்கு வெரிகோசீல் என்ற விரை ரத்தக்குழாய் வீக்கம், தொற்று, ஹார்மோன் கோளாறு, மரபணு என்று காரணங்கள் பல. வைட்டமின் மாத்திரையை நீயாக வாங்கி விழுங்காதே. வைட்டமின் ஏ மிஞ்சினால் கல்லீரல் கெடும். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் முருங்கைக்கீரையும் பப்பாளியும் வாங்கிப் போய்ச் சாப்பிடு, அது என்றைக்கும் நல்லது. ஆனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது சோதனையின் வேலை. அடையாற்றைத் தாண்டினால் தரமணி. அங்கே சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் ஏ.எல்.எம். நிறுவனத்தில் ஆண் இனப்பெருக்கத்தை எலிகளை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். இவ்வளவு அறிவு உன் வாசலில் இருக்கும்போது மஞ்சள் சீட்டுக்காரனிடமா போவாய்?

விந்தணுப் பரிசோதனைக்குக் கத்தியும் இல்லை, வலியும் இல்லை. விந்து வெளியேறாமல் இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டுப் போ. லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர். ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின் கீழ் எல்லை. அதற்குக் கீழே வந்தாலும் இடிந்து உட்காராதே, ஒரே ரிப்போர்ட் தீர்ப்பாகாது. ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் பிடிக்கும். நீ இன்று செய்யும் மாற்றம் மூன்று மாதம் கழித்துத்தான் எண்ணிக்கையில் தெரியும். ரிப்போர்ட்டை மனைவி கையில் கொடுத்தனுப்பாமல் டாக்டர் எதிரில் நீயே போய் உட்கார். காரணம் என்ன, எதைச் சரி செய்யலாம், எதை முடியாது என்று வாய் திறந்து கேள். மறுபரிசோதனைக்குத் தேதி வாங்கிக்கொண்டு எழுந்திரு.