லோரி மோதினால் குற்றம் யாருடையது?

மெனோரா சுரங்கத்துப் பக்கம் லோரிகள் மோதிக்கொண்டன என்று செய்தி வந்தால், கோலா கங்சார் கடைத்தெருவில் முதலில் பிறக்கும் கேள்வி, "சரக்கு எப்போது வரும்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "எவன் மேலே தப்பு?" என்பது. மௌத்தானவர் யார், பிள்ளை குட்டி உண்டா என்பது மூன்றாவதாகத்தான் வரும். மற்றவர்களைக் குறை சொல்வதாக வாசக நேயர்கள் எண்ண வேண்டாம். நாமும் இத்தனை வருஷமாக அந்த வரிசையில்தான் கேட்டு வந்திருக்கிறோம்.

அந்த இரண்டாவது கேள்விக்கு நம்மவர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, "டிரைவர் மேலே தப்பு." மற்றது, "எல்லாம் தக்தீர்." இரண்டும் சுலபமான பதில்கள். இரண்டிலும் பேசுகிறவருக்குச் சல்லிக் காசு செலவில்லை.

தக்தீரை நாம் மறுக்கவில்லை. அது ஈமானின் பகுதி. ஆனால் ஷாம் தேசத்தில் கொள்ளை நோய் என்று கேள்விப்பட்டு ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் பாதி வழியில் திரும்பியபோது, "அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள்?" என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்று உமர் (ரலி) பதில் சொல்லி, ஓர் உதாரணமும் காட்டினார்கள். பள்ளத்தாக்கின் ஒரு கரை பசுமை, மறு கரை வறட்சி. எதில் ஒட்டகத்தை மேய்த்தாலும் அது விதிதான், ஆனாலும் கரையைத் தேர்ந்தெடுப்பவன் மேய்ப்பன். அது மட்டுமல்ல. தவறுதலாக ஒரு முஃமினைக் கொன்றுவிட்டவன் விஷயத்திலும் தியத்தும் கஃப்பாராவும் ஸூரத்துன் நிஸாவில் விதிக்கப்பட்டுள்ளன. தக்தீர் என்று சொன்னால் கணக்குத் தீர்ந்துவிடுமானால் தவறுதலுக்கு நஷ்ட ஈடு எதற்கு?

இனி, "டிரைவர் மேலே தப்பு" என்ற பதிலைப் பார்ப்போம். 2025ஆம் வருஷம் மே 13ஆம் தேதி காலை, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாக் காவலை முடித்துக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸாரின் வாகனத்தின் மீது கல் ஏற்றி வந்த லோரி ஒன்று மோதியது. ஒன்பது போலீஸார் மாண்டனர். அன்று மாலையே கடைத்தெருவில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது: டிரைவர் குற்றவாளி. ஆனால் அரசாங்கம் அமைத்த விசாரணைக் குழு லோரியைப் பிரித்துப் பார்த்தபோது ஸ்டியரிங் பழுது தெரிந்தது. அனுமதித்த அளவைவிடச் சுமார் 70 சதவீதம் அதிகப் பாரம் ஏற்றப்பட்டிருந்ததும் தெரிந்தது. பாரத்தை டிரைவர் தன் தலையில் சுமந்துவந்து ஏற்றவில்லை. ஏற்றச் சொன்னவர் ஒருவர்; பழுது பார்க்காமல் ஓட்ட விட்டவர் ஒருவர்.

ஒரு மாதம் ஆகவில்லை. ஜூன் 9ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், கெரிக் சாலையில் தாசேக் பண்டிங் அருகே பல்கலைக்கழக மாணவர்கள் வந்த பஸ்ஸும் ஒரு காரும் மோதி, பதினைந்து மாணவர்கள் இறந்தார்கள். கெரிக்கிலிருந்து தெற்கே வரும் சாலை லெங்கோங் வழியாக நம் ஊருக்குத்தான் வருகிறது. அந்த பஸ் விஷயத்திலும் உரிமம் பெற்றவர் ஒருவர், அதை வாடகைக்கு எடுத்து ஓட்டியவர் வேறொருவர் என்பது பிறகு வெளியாயிற்று. லைசென்ஸ் ஒருவர் பெயரில், வியாபாரம் வேறொருவர் கையில் என்பது நம் சமூகத்தில் கேள்விப்படாத சங்கதியா? இதற்கு மேல் எழுதினால் சண்டைக்கு வருவார்கள்.

சட்டம் இரண்டு விதமாகப் பார்க்கிறது என்பதை வியாபாரிகள் அறிந்திருப்பது நல்லது. 1987ஆம் வருஷத்துச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, அபாயகரமாக ஓட்டி மரணம் விளைவித்தவனைத் தண்டிக்கிறது. 2020இல் திருத்திய பிறகு, முதல் குற்றத்துக்கே ஐந்து முதல் பத்து வருஷச் சிறையும் 20,000 முதல் 50,000 வெள்ளி அபராதமும் உண்டு. அங்கே கேள்வி ஒன்றுதான்: இவன் குற்றவாளியா, இல்லையா? நஷ்ட ஈட்டு வழக்கு அப்படியல்ல. 1956ஆம் வருஷத்து சிவில் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரிடமும் தவறு உண்டென்றால் அவர் வழக்கைத் தள்ளிவிடாமல், அவர் பங்கு எவ்வளவோ அவ்வளவைக் கழிக்கச் சொல்கிறது. லட்சம் வெள்ளி நஷ்டம், முப்பது பங்கு தவறு அவருடையது என்று கோர்ட்டு கண்டால், கிடைப்பது எழுபதாயிரம். முன்னால் போனவன் திடீரென்று பிரேக் போட்டான், நடுவில் வந்தவன் இடைவெளி விடவில்லை, பின்னால் வந்தவனுக்குப் பாரத்தால் நிறுத்த முடியவில்லை என்றால், மூவர் பேரிலும் பற்று எழுதப்படும். கடைக் கணக்குப் புத்தகம் எழுதுகிறவனுக்கு இது எளிதில் விளங்கும்.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த கணக்கு என்று சிலர் நினைக்கக்கூடும். நம்மிடம் இதைவிடப் பழைய கணக்கு இருக்கிறது. யமன் தேசத்தில் சிங்கத்தைப் பிடிக்கக் குழி தோண்டினார்கள். வேடிக்கை பார்க்க ஜனங்கள் நெருக்கியடித்தபோது ஒருவன் கால் தவறினான். அவன் பக்கத்தவனைப் பிடித்தான், அவன் இன்னொருவனை, அவன் நான்காமவனை. நால்வரும் விழுந்து சிங்கத்தால் மாண்டார்கள். உறவினர்கள் வாளை உருவி நின்றபோது ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள்: முதலில் விழுந்தவனுக்குக் கால் தியத், ஏனென்றால் அவனால் மூவர் அழிந்தார்கள். அடுத்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு, மூன்றாமவனுக்குப் பாதி, யாரையும் இழுக்காத நான்காமவனுக்கு முழுத் தியத். அதிருப்தி கொண்டவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் போனார்கள். அவர்களும் அத்தீர்ப்பை ஒப்புக்கொண்டதாக இமாம் அஹ்மதின் முஸ்னதில் வந்திருக்கிறது. அதன் ஸனதைப் பற்றி முஹத்திஸீன்களிடம் பேச்சு உண்டு; ஆயினும் சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக மோதிய வண்டிகளுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் நமக்குத் தெரியவில்லை. நம் மனதைத் தைத்தது வேறொன்று. தியத்தைக் கொடுத்தது யார்? குழி தோண்டியவர்களின் கோத்திரத்தார் என்று ஓர் அறிவிப்பு, நெருக்கியடித்தவர்களின் கோத்திரத்தார் என்று இன்னோர் அறிவிப்பு. யாரையும் கையால் தள்ளியதாகச் சொல்லப்படாதவர்கள், மேலே நின்றவர்கள், உயிரோடு வீடு திரும்பியவர்கள்!

இரண்டு சவாரிக்காரர்கள் மோதி இருவரும் இறந்தால் என்ன என்பதிலும் நம் மத்ஹபுகள் கணக்குப் பார்த்திருக்கின்றன. ஹனஃபிகளிடம் ஒவ்வொருவர் தரப்பும் மற்றவருக்கு முழுத் தியத் தர வேண்டும். ஷாஃபிஈகளிடம் பாதி, மற்றப் பாதி அவரவர் செயலுக்கே போய்விடுகிறது.

நம் பக்கம் பேசுவதற்கும் பிக்ஹில் ஒரு விதி இருப்பதை மறைக்கக் கூடாது. நேரடியாகச் செய்தவனும் காரணமாக இருந்தவனும் சேர்ந்திருந்தால், ஹுக்மு நேரடியாகச் செய்தவன் மீதே என்பது அது. முதலாளிமார்களுக்கு இது இனிப்பான விதி. ஆனால் செய்தவன் நிர்ப்பந்திக்கப்பட்டவனாக இருந்தால் விஷயம் மாறும். மறுத்தால் நாளைக்குச் சவாரி கிடைக்காது என்று பயப்படும் டிரைவர் நிர்ப்பந்திக்கப்பட்டவன்தானா? கழுத்தில் கத்தி இல்லை, உண்மைதான். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பது இருக்கிறது.

நம்முடைய கதையையும் சொல்லிவிடுகிறோம். ஒரு வருஷம் நோன்புக்கு முந்திய வாரம், ஈப்போவில் மாவு, சீனி, வெங்காயம் எல்லாம் ஏற்றியான பிறகு, இன்னும் பத்து மூட்டை வெங்காயம் மலிவாகக் கிடைத்தது. டிரைவர் டயரைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பாரம் மேலே போயிடுச்சு" என்றார். பத்து வெள்ளியை அவர் சட்டைப் பையில் வைத்து, "மெதுவா போங்க தம்பி" என்றோம். லோரி பத்திரமாக வந்து சேர்ந்தது. வெங்காயத்தில் லாபமும் வந்தது. எதுவும் நடக்கவில்லை, ஆகவே எந்தத் தப்பும் இல்லை என்று அதை மறந்தும் போனோம்.

தெலுக் இந்தான் செய்திக்குப் பிறகுதான் அந்தப் பத்து வெள்ளி நினைவுக்கு வந்தது. அன்று அந்தச் சரிவில் பிரேக் பிடிக்காமல் போயிருந்தால், நாம் போலீஸில் என்ன சொல்லியிருப்போம்? டிரைவர் மேலே தப்பு என்றுதான் சொல்லியிருப்போம். பத்து மூட்டையைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாமாகச் சொல்லியிருப்போமா என்பதற்கு மனம் இன்னும் பதில் சொல்லவில்லை. விபத்து நடந்தாலும் நடக்காவிட்டாலும் நாம் செய்த காரியம் ஒன்றேதான். நடக்காமல் போனதற்கு நாம் செய்தது ஒன்றுமில்லை.

இதைப் பற்றி நம் ஊர் ஹஜ்ரத்திடம் கேட்டோம். அப்படி ஓர் உயிர் போயிருந்தால், தியத் ஒருபுறம் இருக்க, இரண்டு மாதம் தொடர்ந்து நோற்கும் அந்தக் கஃப்பாரா நம்மீதும் வருமா? காரணமாக இருந்தவனுக்கு ஹனஃபிகளிடம் கஃப்பாரா இல்லை, ஷாஃபிஈகளிடம் உண்டு என்றார். மூட்டை ஏற்றச் சொன்னவன் அந்தக் கணக்கில் சேருவானா என்று கிதாபைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். நாம் எந்த மத்ஹப் என்று அவர் கேட்கவில்லை. இந்த நோன்புக்குச் சரக்கு இரண்டு நடையாக வருகிறது, வாடகை கூடுதல்தான்.