கண்ணுக்குப் பின்னால் ஒரு பாடு

பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்களிடம் 'பாடு' என்றொரு ஏற்பாடு உண்டு. இறாலுக்கு எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டும் முறையும் தீர்மானிக்கும். மோசமான இடம் விழுந்தால் அது விழுந்தவனின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று யாரும் சொல்வதில்லை. ஒருவரின் ஒரு கண் மட்டும் மெல்லப் பிதுங்கத் தொடங்கினால் மட்டும் நம்மில் பலருக்கு இந்தத் தெளிவு நழுவிவிடுகிறது. என்ன பாவமோ, தெய்வக் குத்தமோ என்று பேச்சு எழுகிறது. நோயைத் தீர்ப்பாக வாசிப்பது பிழை. அதைச் சொல்ல நாத்திகராக இருக்க வேண்டியதுமில்லை.

கண்குழி என்பது சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் எலும்புக் கூம்பு. உள்ளே எது வளர்ந்தாலும், திறந்திருக்கும் முன்பக்கமாகத்தான் கண்ணைத் தள்ளும். பெரியவர்களிடம் அங்கே அதிகம் காணப்படும் புற்றில்லாக் கட்டி, ரத்தக்குழாய்கள் பின்னிக்கொண்டு ஓர் உறைக்குள் அடங்கிய உருண்டை. நடுவயதுப் பெண்களுக்கே கூடுதலாக வருகிறது. வருடக்கணக்கில் நிதானமாக வளர்கிறது. வேறெங்கும் பரவாது, ஆளைக் கொல்லாது. பார்வை நரம்பை அழுத்தினால் பார்வையைக் குறைக்கும். அழுத்துமா என்பது அது எந்த மூலையில் முளைத்தது என்பதைப் பொறுத்தது, முளைத்தவரின் நடத்தையைப் பொறுத்ததல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுவிட்சர்லாந்து மருத்துவர் க்ரோன்லைன், கண்குழியின் வெளிப்பக்க எலும்பை விலக்கி உள்ளே போகும் வழியை விவரித்தார். உறை இருப்பதால் கட்டி பெரும்பாலும் முழுதாகவே வந்துவிடும்.

விதித்ததை வெட்டி எறியலாமா என்று பக்தர் கேட்கலாம். பொன்னேரியில் மின்சார ரயில் ஏறி, 1819இல் தொடங்கிய எழும்பூர் கண் மருத்துவமனைக்குப் போகிறவர் திருவொற்றியூரைக் கடந்தே போகிறார். மனைவி சங்கிலியாரைப் பிரியேன் என்று கொடுத்த வாக்கை மீறிச் சிவனடியார் சுந்தரர் கண்ணிழந்த ஊர் அது. அங்கே குற்றம் உண்மை, தண்டனையும் உண்மை. இருந்தும் அவர் அடங்கிக் கிடக்கவில்லை. சிவனிடம் சண்டை போட்டே பார்வையைக் கேட்டார். அவர் கேட்டது கடவுளிடம், மருத்துவரிடம் அல்லவே என்றால், ஏரிக்கு மேற்கே இருக்கும் காளத்தியின் கண்ணப்பரைப் பார்க்கலாம். லிங்கத்தின் கண்ணில் ரத்தம் கண்டு, யார் செய்தது என்று தேடிக் காணாமல் திரும்பியதும் அவர் ஓடியது பச்சிலை தேடித்தான். அது பலிக்காத பிறகே தன் கண்ணைத் தோண்ட அம்பை எடுத்தார். மருந்து தேடியதைப் பெரியபுராணம் பக்திக் குறைவாகக் கருதவில்லை. அதே ஏரிக்கரையின் நடுவூர்மாதாகுப்பத்துக் கிறிஸ்தவர்களுக்கோ யோவான் நற்செய்தியே போதும்: பிறவிக் குருடன் பாவம் செய்தவனுமல்ல, அவன் பெற்றோரும் செய்யவில்லை என்கிறார் இயேசு.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு: கெடுதல் செய்யாத கட்டிக்குக் கத்தி எதற்கு? நியாயமான கேள்விதான். சிறிதாக, பார்வையைத் தொடாமல் இருந்தால் மருத்துவர்களே விட்டுவிட்டுக் கவனிக்கச் சொல்வார்கள். அறுவையிலும் பார்வை போகும் அபாயம் உண்டு. நெடுநாள் நசுங்கிய நரம்பு முழுதாக மீளாமலும் போகலாம். ஆக, சீட்டு அறுவை அரங்கிலும் தொடர்கிறது. ஆனால் விழுந்த இடத்தில் வலை கட்டுவதா வேண்டாமா என்பதைச் சீட்டு சொல்லாது. பூண்டிப் பக்கத்து வெண்பாக்கத்தில் சுந்தரருக்குக் கிடைத்தது பார்வையல்ல, ஓர் ஊன்றுகோல். கோபம் தீராமலேதான் அவர் அங்கிருந்து காஞ்சிக்கு நடந்தார். அங்கே ஒரு கண் வந்தது, இன்னொன்றுக்குத் திருவாரூர் வரை போக வேண்டியிருந்தது.