சாயமும் அறமும்

மானம் காக்க வந்தது ஆடை. அதற்கு நிறமூட்டும் தொழில் பிறருடைய கிணற்றைக் கெடுக்குமாயின், அப்பழி யாரைச் சாரும்? நொய்யல் ஆறு இவ்வினாவை நம்முன் வைக்கின்றது.

வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியே சென்று காவிரியில் கலப்பது நொய்யல். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில், பருத்தித் துணியில் நிறம் பற்றுவதற்காக உப்பை மிகுதியாகச் சேர்ப்பர். நிறத்தின் பெரும்பகுதி துணியில் தங்கும்; உப்போ கழிவுநீரோடு வெளியேறிவிடும். நிறம் நீக்கித் தெளிவாக்கிய நீரும் உவர்நீரே. பாசனத்திற்கென 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, அவ்வுவர்நீரின் தேக்கமாயிற்று. சுற்றுப்புறக் கிணறுகள் கெட்டன, விளைநிலம் பாழாயிற்று.

உழவர் போராடினர், நீதிமன்றத்தையும் நாடினர். கழிவுநீரைச் சிறிதும் ஆற்றில் விடலாகாது என்று 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் விதித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறியை 2009இல் உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. ஆணை முற்றக் காக்கப்படாமையால், 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடுமாறு உயர்நீதிமன்றம் கட்டளையிட்டது. தொழிலாளர் பல்லாயிரவர் வேலையிழந்து தவித்தனர்.

உழவா, தொழிலா என்று இதனை வழக்காக்குவது பொருந்தாது. பட்டறைக் கூலியாளும் வயிற்றுக்கு உழைப்பவரே அன்றோ? உண்மையான வினா வேறு. ஆக்கம் ஒருவர்க்கும் கேடு மற்றொருவர்க்கும் ஆவது முறையாகுமா? கழிவைத் தூய்மை செய்யும் செலவு துணியின் விலையில் சேரவில்லை. ஆயினும் அது மறைந்துவிடவும் இல்லை. ஆற்றின் கீழ்ப்பகுதி உழவர் தம் கிணற்றையும் நிலத்தையும் இழந்து அதனைச் செலுத்தினர்.

இழப்பீடு பணம் தரும். உவர்த்த கிணற்றை இனிக்கச் செய்யாது. ஆதலின், கெடுத்தபின் ஈடு தருவதினும் கெடாமற் காப்பதே மேலான அறம். கழிவிலிருந்து நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் பயன்கொள்ளும் முறை இன்று திருப்பூரில் நடைமுறையில் உள்ளது. அதற்கு ஆகும் செலவோ பெரிது.

அச்செலவை யார் ஏற்பது? ஊர்விட்டு வந்து வாழும் நாமும் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்களே. எந்நகரில் இருப்பினும் திருப்பூர்ப் பனியனைப் பெருமையோடு வாங்குகிறோம். விலையைக் குறைக்குமாறும் கேட்கிறோம். தூய நீருக்காக ஓரிரு ரூபாய் கூடுதலாகத் தர மறுத்துவிட்டு, பட்டறையாரை மட்டும் பழிப்பது நேர்மையாகாது. மலிவு கேட்குமுன், அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர் யார் என எண்ணிப் பார்ப்போமாக.