படம் என்னும் கடன்

சிற்றூர்களில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு நடை உண்டு. ஆட்டுக்கறிக் கடை வரிசையும், சலூனில் முறைக்குக் காத்திருப்பதும் காலையோடு முடிந்துவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கடைத்தெருவே உறங்கும். வெயில் தாழ்ந்ததும் ஜனம் குளக்கரைக்கு வரும். மன்னார்குடியில் அது ஹரித்ராநதி: இருபது ஏக்கருக்கு மேல் விரிந்த தெப்பக்குளம். சாயங்கால வெளிச்சத்தில் அதைப் பார்த்தால் யாருக்கும் படம் எடுக்கத்தான் தோன்றும். அதில் பிழையில்லை. ஆனால், படித்துறையில் துணி அலசும் பெண்ணும் சுண்டல் விற்கும் பெரியவரும் தமக்குத் தெரியாமலே யார் யாருடைய கைப்பேசிக்குள்ளோ போய்விடுகிறார்கள். குளத்தைக் கேட்டுவிட்டு எடுக்க முடியாது. மனிதரைக் கேட்கலாம் அல்லவா?

பெருநகரத்தில் எடுத்தவரும் எடுக்கப்பட்டவரும் மறுபடி சந்திப்பதில்லை. சிற்றூரில் அப்படித் தப்ப முடியாது. ஞாயிறு மாலை நாம் படம்பிடித்த பெண் திங்கள் காலை ரேஷன் கடை வரிசையில் நமக்கு முன்னால் நிற்பார். முகத்தில் விழித்து வாழ வேண்டிய ஊர் அது. அங்கே ஒருவருடைய முகத்தை எடுத்துக்கொள்வது அவரிடம் கடன் வாங்குவதுதான். வாங்கிய கடனுக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை நன்றாக அறிந்திருந்தவர் பழைய ஸ்டூடியோக்காரர். 120 ரோலில் சதுரப் படம் எடுத்தால் பன்னிரண்டுதான், 35 எம்.எம். சுருளில் முப்பத்தாறு. ஊட்டியில் 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பிலிமானாலும் வெளிநாட்டு பிலிமானாலும் கையை அடக்கித்தான் செலவழிக்க வேண்டும். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, தோளைத் தளர்த்துங்க” என்று சொல்லி, வந்தவர் தயாரான பிறகே பட்டனை அமுக்குவார்.

அவருடைய டச்சிங் வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்று விளங்கும். பென்சில் முனையை உப்புத்தாளில் ஊசியாகத் தேய்த்துக்கொள்வார். நெகட்டிவை வெளிச்சப் பலகையில் சாய்த்து வைத்து, சுருக்கமும் தழும்பும் விழுந்த இடங்களில் புள்ளி புள்ளியாக நிரப்புவார். நெகட்டிவில் வெளிறிக் கிடக்கும் கோடு அப்படி அடைபட்டால்தான் அச்சில் கறுப்பாக விழாது. முகப்பருவை எடுப்பார், மச்சத்தைத் தொடமாட்டார். மச்சம் போனால் ஆளே மாறிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். ஒருவரை அழகாக்கலாம், வேறொருவராக ஆக்கக் கூடாது. இன்று ஒரே தட்டில் முகத்தையே மாற்றும் செயலிகளைக் கையில் வைத்திருக்கும் நமக்கு இந்த எல்லை தெரிந்திருக்கிறதா?

அவரிடம் வந்த வேலைகளிலேயே கனமானது சாவு வீட்டு வேலை. காரியத்துக்குள் படம் வேண்டும் என்று மகன் ஓடிவருவான். இறந்தவருக்குத் தனிப்படம் இருக்காது. யாரோ ஒருவர் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவின் கடைசி வரிசையிலிருந்து அந்த முகத்தைப் பிரித்துப் பெரிதாக்கி, சட்டமிட்டுத் தர வேண்டும். மாலை போட்டு மாட்டிய பல படங்கள் அப்படி வந்தவைதாம்.

1858இல் லின்னேயஸ் ட்ரைப் என்ற அரசாங்கப் புகைப்படக்காரர் தஞ்சைக்கும் மதுரைக்கும் பெரிய கேமராவோடு வந்து கோபுரங்களையும் தூண்களையும் அருமையாகப் பதிந்தார். அந்தப் படங்களில் ஆளைக் காண்பது அரிது. நம் பாட்டன் பாட்டிமாரின் முகங்களைக் காத்தவை கடைத்தெரு ஸ்டூடியோக்கள். அவற்றின் பழைய படங்களைத் தேடிப் பிடித்துப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டலாக்கியிருக்கிறது. அதற்குள் எத்தனையோ நெகட்டிவ்கள் எடைக்குப் போய்விட்டன.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. ஸ்டூடியோ வாசலை மிதிக்கக் காசில்லாமல், ஒரு படம்கூட இல்லாமல் மறைந்தவர்கள் எண்ணற்றோர். இன்று கூலி வேலைக்குப் போகிறவரும் தன் பிள்ளையைத் தானே படம் எடுக்கிறார். இது பெரிய வரவு. ஆனால் வரவு பெருகியபோது பொறுப்பு மெலிந்துவிட்டது. பல வீடுகளில் ஆயிரக்கணக்கான படங்கள் கைப்பேசியில் கிடக்கின்றன. எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டிருந்த அம்மா மட்டும் அவற்றில் ஒழுங்காக இல்லை. கைப்பேசி தொலைந்தால் அந்த ஆயிரமும் போகும்.

செய்ய வேண்டியவை எளியவை. எடுக்குமுன் கேளுங்கள், வேண்டாம் என்றால் கையை இறக்குங்கள். ஒருவர் குளிக்கும்போதும் அழும்போதும் சோர்ந்து உறங்கும்போதும் எடுக்காதீர்கள். வறுமையை அழகென்று காட்டிப் பாராட்டு வாங்காதீர்கள். வீட்டுப் பெரியவர்களை நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுத்து, அச்சுப் போட்டு, பின்புறம் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிவையுங்கள். பெயரில்லாத படம் இரண்டு தலைமுறையில் யாரோ ஒருவர் படமாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள். ஓர் அச்சுக்கு ஆகும் செலவு சில தேநீர்களின் விலைதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை புதுப் படம் எடுக்கப் புறப்படுமுன், போன வாரம் எடுத்தவரைத் தேடிப்போய் அவருடைய படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.