படம் விட்டுச்சென்ற இசை

1979இல் வந்த ஏலியன் படத்துக்கு இசையமைப்பாளர் ஜெர்ரி கோல்ட்ஸ்மித் முதலில் எழுதிய தொடக்க இசையில் பயத்தைவிட வியப்பு அதிகம். ஒற்றை டிரம்பெட் தொலைவில் ஒரு மெட்டைத் தொடங்குகிறது. தந்திக் கருவிகள் அவசரமில்லாமல் அதை ஏந்திக்கொள்கின்றன. விண்வெளியை முதலில் அழகாகக் காட்டிவிடலாம், பயம் கதையோடு சேர்ந்து வளரட்டும் என்பது அவர் எண்ணம். இயக்குநர் ரிட்லி ஸ்காட்டுக்கு அது ஒப்பவில்லை. கோல்ட்ஸ்மித் வேறொன்று எழுதிக்கொடுத்தார். மெட்டென்று ஒன்றும் இல்லை. சிறு சிறு ஒலிகள், நடுவில் வெறுமை, முதல் நொடியிலேயே ஏதோ சரியில்லை என்ற உணர்வு. முதலாவதற்கு ஒரு நாள் பிடித்தது, இரண்டாவதற்குச் சில நிமிடங்கள்தாம் என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். படத்தில் இருப்பது இரண்டாவது.

2007இல் இன்ட்ராடா நிறுவனம் வெளியிட்ட இரட்டைக் குறுந்தகட்டில் இரண்டுமே இருக்கின்றன. வீடு அடங்கிய பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறேன். எது சரி என்ற கேள்வி எழுவதில்லை. ஒரே இருட்டை ஒரே மனிதர் இருமுறை பார்த்திருக்கிறார். முதல் பார்வையை மனத்தில் வைத்துக்கொண்டு கேட்டால், இரண்டாவதில் அவர் எதையெல்லாம் வேண்டாமென்று விட்டார் என்பதும் காதில் விழுகிறது.

*

ஏலியன் இசைக்கு நேர்ந்தது அதோடு நிற்கவில்லை. படத்தொகுப்பாளர் டெர்ரி ராலிங்ஸ் புதிய இசை தயாராகும் முன்பே காட்சிகளோடு பழைய இசைத் துண்டுகளைச் சேர்த்து ஓட்டிப் பார்த்திருந்தார். அவற்றில் சில, ஃபிராய்ட் என்ற 1962ஆம் ஆண்டுப் படத்துக்குக் கோல்ட்ஸ்மித்தே எழுதியவை. கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்குப் புதியது ஒட்டவில்லை. சில காட்சிகளில் புதிய இசை போய், ஃபிராய்ட் துண்டுகளே நின்றுவிட்டன. படத்தின் முடிவில் ஒலிப்பது 1930இல் அரங்கேறிய ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்பொனி. பதினேழு ஆண்டுகளுக்கு முன் தான் எழுதிய இசையே வந்து தன் புதிய இசையின் இடத்தைப் பிடித்துக்கொள்வதை ஓர் இசையமைப்பாளர் எப்படித் தாங்கிக்கொள்வார்?

ஆகவே, இந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவர்கள்கூட அதன் இசையை முழுமையாகக் கேட்டிருக்க முடியாது. தனியாகக் கேட்கும்போதுதான் வயலின்களின் கீழே ஊதப்படும் சங்கு துலங்குகிறது. சர்ப்பென்ட் என்ற வளைந்த பழங்காலக் குழலும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூவும் அதனுடன் சேர்கின்றன. சங்கொலியைக் கோயிலிலும் இறப்பு வீட்டிலும் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த இடத்தில் உடல் சிலிர்க்கிறது. அது லண்டனில் பதிவான இசை என்பது அந்தக் கணத்தில் நினைவில் இருப்பதில்லை.

*

படங்களோடு வெளியான பழைய இசை ஆல்பங்களிலும் முழு இசை இருக்காது. அவை ஏன் அவ்வளவு குறுகியவை? எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் இருபது நிமிடந்தான் நன்றாக ஒலிக்கும் என்பது ஒரு காரணம். இன்னொன்று சம்பளம். அமெரிக்காவில் படத்துக்கென்று வாசித்ததைத் தட்டாக வெளியிட்டால், வாசித்த கலைஞர்களுக்கு மறுபடியும் ஊதியம் தர வேண்டும் என்பது அவர்களுடைய தொழிற்சங்கத்தின் விதி. எண்பது தொண்ணூறு பேர் கொண்ட ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அது பெருந்தொகை. அதனால்தான் குறுந்தகடு வந்த பிறகும் பல வெளியீடுகள் முப்பது நிமிடத்திலேயே நின்றன. அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். மூச்சைக் கொடுத்து ஊதியவருக்குச் சேர வேண்டியது அது.

குறைந்த பிரதிகளே அச்சிடும் பழஞ்சேமிப்பு வெளியீடுகளுக்கு அந்த ஊதிய விகிதம் குறைக்கப்பட்ட பிறகுதான் கதவு திறந்தது. தட்டின் பின்புறம் ‘3000 பிரதிகள் மட்டும்’ என்று போட்டிருப்பதன் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

*

பழைய இசையை முழுமையாக மீட்டுத் தரும் வேலையைச் செய்கிறவர்களைப் பற்றி அடிக்கடி நினைக்கிறேன். ரீரெக்கார்டிங்கின்போது ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் உண்டு. 3எம்2 என்றால் மூன்றாவது ரீலின் இரண்டாவது இசை. ஒரே துண்டைப் பல டேக்குகள் எடுப்பார்கள். பாதி ஒன்றிலிருந்தும் மீதி இன்னொன்றிலிருந்தும் என்று இசையமைப்பாளர் குறித்துவைத்திருப்பார். பல ஆண்டுகள் கழித்து ஒருவர் அந்தக் குறிப்பையும், கையெழுத்து ஸ்கோரையும், படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி சேர்க்கிறார். அசிடேட் காந்தப் படச்சுருளுக்கு வயதானால் வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும். எழுபதுகளின் சில டேப்புகள் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் போயிருக்கும். அவற்றை அடுப்பில் மிதமான சூட்டில் மணிக்கணக்கில் காயவைத்த பிறகே ஓட்ட முடியும். ஓடும்போதே பிரதி எடுத்துவிட வேண்டும். இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் பல படங்களுக்கு மைக் மட்டெசினோ செய்திருப்பது இத்தகைய வேலை. நல்ல ஆசாரியின் கைபோல அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. ஒட்டு எங்கே விழுந்தது என்று தேடினாலும் எனக்கு அகப்படவில்லை.

*

அதே 1979. அதே கோல்ட்ஸ்மித். ஸ்டார் ட்ரெக்: தி மோஷன் பிக்சர்.

இந்தப் படத்தில் ஒரு காட்சி உண்டு. அட்மிரல் கிர்க் ஒரு சிறு கூண்டுக்கலத்தில் ஏறி, பழுதுபார்த்துப் புதுப்பிக்கப்பட்ட எண்டர்பிரைஸ் விண்கப்பலை மெல்லச் சுற்றிப் பார்க்கிறார். ஐந்து நிமிடத்துக்குமேல் பேச்சு ஏறக்குறைய இல்லை. ஓர் இசையமைப்பாளருக்கு இவ்வளவு இடம் விட்டுக்கொடுத்த காட்சிகள் பெரிய வணிகப் படங்களில் அபூர்வம்.

இதற்கு அவர் முதலில் எழுதியதைக் கேட்டுவிட்டு, இது பாய்மரக் கப்பல்களை நினைவூட்டுகிறது, இதில் தீம் இல்லை என்று இயக்குநர் ராபர்ட் வைஸ் நிராகரித்தார். வைஸ் இசை அறியாதவர் அல்லர். 1951இல் தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில் படத்தை எடுத்தவர் அவர். பெர்னார்ட் ஹெர்மன் வழக்கமான வயலின் கூட்டத்தை ஒதுக்கி, தெரமின் என்ற மின்னிசைக் கருவி இரண்டை வைத்து அதற்கு எழுதிய இசை ஒரு வகைமைக்கே வழிகாட்டியது. அப்படிப்பட்டவர் சொன்னது வலித்திருக்கும். கோல்ட்ஸ்மித் மறுபடி உட்கார்ந்து எழுதினார். அப்போது பிறந்த தீம்தான் பிறகு 1987இல் தி நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொலைக்காட்சித் தொடரின் முகப்பிசையாகி உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது.

லா-லா லேண்ட் நிறுவனம் 2012இல் மூன்று குறுந்தகடுகளாக வெளியிட்ட தொகுப்பில், நிராகரிக்கப்பட்ட அந்த முதல் வடிவம் இருக்கிறது. அதைக் கேட்டவுடன் வைஸ் சொன்னது சரி என்று தெரிந்துவிடுகிறது. அழகான இசை, அலைகள் எழுந்து விழுகின்றன, ஆர்க்கெஸ்ட்ரா மினுங்குகிறது. ஆனால் முடிந்தபின் முணுமுணுக்க எதுவும் இல்லை. கப்பல் கடந்து போகிறது, அவ்வளவுதான். இரண்டாவது வடிவத்தில் மெட்டு தயங்கித் தயங்கி வருகிறது. ஒரு துணுக்கு தலைகாட்டி மறைகிறது, திரும்ப வருகிறது, கப்பலின் முன்முகம் முழுதாகத் தெரியும்போது மெட்டும் முழுதாக எழுகிறது. முதலில் அவர் கப்பலை எழுதினார். மறுமுறை எழுதியபோது அதைப் பார்க்கிற மனிதரின் நெஞ்சை எழுதினார். கிர்க்குக்கு அந்தக் கப்பல்மேல் இருப்பது காதல் என்று வசனம் எதுவும் சொல்லவில்லை, இசைதான் சொல்கிறது.

நிராகரிப்பு எப்போதும் நன்மையில் முடியும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஏலியனில் அப்படி முடியவில்லை. ஒரே ஆண்டில் ஒரே மனிதருக்கு இரண்டும் நேர்ந்தன. இதை அறிவதற்கு முழுப் பதிப்புகள் இல்லாமல் வேறு வழியில்லை.

ஸ்டார் ட்ரெக் படத்தின் சிறப்புக் காட்சிகள் நேரத்துக்குத் தயாராகவில்லை. கோல்ட்ஸ்மித் பல இடங்களில் திரையில் பார்க்க எதுவுமே இல்லாமல் எழுதினார். வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்புவரை பதிவு நடந்தது. படத்தில் வரும் வீஜர் என்ற பேரிருப்புக்கு அடிவயிற்றில் அதிரும் ஒரு கருவியைச் சேர்த்தார், பெயர் பிளாஸ்டர் பீம். ஆளைவிட நீளமான உலோகச் சட்டத்தில் தந்திகள் கட்டியது. வாசித்த கிரெய்க் ஹக்ஸ்லி, சிறுவனாக இருந்தபோது பழைய ஸ்டார் ட்ரெக் தொடரில் கிர்க்கின் அண்ணன் மகனாக நடித்தவர்.

*

எழுதிய இசை முழுவதுமே கைவிடப்பட்ட படமும் உண்டு, 2001: எ ஸ்பேஸ் ஒடிஸி. இசையமைப்பாளர் அலெக்ஸ் நார்த் உடல்நலம் கெட்ட நிலையில், நாற்பது நிமிடத்துக்கு மேற்பட்ட இசையை விரைந்து எழுதி 1968 ஜனவரியில் லண்டனில் பதிவு செய்தார். இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் அதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. படத்தைத் திரையில் பார்த்தபோதுதான் நார்த்துக்கு அது தெரிந்தது. 1991இல் அவர் காலமானார். 1993இல் அவருடைய நண்பர் கோல்ட்ஸ்மித், நேஷனல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு அந்த இசையைப் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டார். ஏலியனுக்கு வாசித்ததும் அதே ஆர்க்கெஸ்ட்ராதான். 1968இன் அசல் பதிவு 2007இல் வெளியானது. தன் இசையும் வெட்டப்பட்டு நின்ற ஒருவர் இன்னொருவருக்காகக் கோலெடுத்து நின்றிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. குப்ரிக் அதற்குப் பதிலாகத் தேர்ந்த யோஹான் ஸ்ட்ராஸின் இசையும் லிகெட்டியின் இசையும் அந்தப் படத்துக்கு எவ்வளவு பொருந்தினாலும், நார்த்தின் இசைக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. அதை நண்பர் உண்டாக்கிக் கொடுத்தார்.

*

முழுமை எல்லாம் நன்மை என்று சொல்லவில்லை. பதினைந்து நொடித் துண்டுகள், ஒரே காட்சிக்கு மூன்று வடிவங்கள், இவை இரண்டாம் முறை கேட்கையில் களைப்பூட்டும். இசையமைப்பாளர் தம் கையால் வரிசை மாற்றி, கதையை மறந்து, இசைக்கென்று அடுக்கிய பழைய ஆல்பத்தில் ஒரு வடிவழகு இருக்கும். படத்தின் வரிசையில் அது கிடைக்காது. நல்ல வெளியீட்டாளர்கள் இதை உணர்ந்தவர்கள். ஏலியன், ஸ்டார் ட்ரெக் தொகுப்புகள் இரண்டிலுமே 1979இன் அசல் ஆல்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2004இல் மறைந்த கோல்ட்ஸ்மித்தின் சொந்தத் தேர்வு அது, அதை ஒதுக்கிவிடக் கூடாது.

புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் படத்தைப் பாருங்கள். பிறகு பழைய ஆல்பம். சில வாரம் கழித்து முழு இசை, கைவிடப்பட்ட வடிவங்களைக் கடைசியில். ஒரே ஒரு தொகுப்புதான் வாங்க முடியும் என்றால் ஸ்டார் ட்ரெக்கை வாங்குங்கள். எண்டர்பிரைஸ் காட்சியின் இரண்டு வடிவங்களுக்காக மட்டுமே அது கொடுக்கிற விலைக்குத் தகும்.